ராமானுஜம் சாரின் ‘ஆனால்’

நம் ஊர்களில் விதவிதமான மனிதர்கள் உண்டு. கூட்டத்துக்குத் தலைமை தாங்கவே பிறந்தவர் உண்டு. கல்யாண வீட்டுச் சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கென்றே மொய் எழுதுகிறவர் உண்டு. அடுத்தவர் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர் உண்டு. இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றிரண்டு பேருக்குச் சம்பந்தியாகக்கூட இருப்பீர்கள். நான் இன்று சொல்லப்போவது சமீப காலமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பெருகிவரும் ஒரு புது வகை. பேச்சுக்குப் பேர் வைப்பவர்.

நீங்கள் ஏதாவது சொன்னால் மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள், இல்லாவிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பார்கள். இரண்டும் மனித இயல்பு. இவர் இரண்டையும் செய்யமாட்டார். நீங்கள் சொன்னதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அது என்ன ரகம் என்று ஒரு பேரை வைத்து உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். "தலை வலிக்கிறது" என்கிறீர்கள். "தனிநபர் அனுபவம். பொதுச் சான்றாகாது" என்பார். "ஐயோ, அடுப்பு பற்றிக்கொண்டது!" என்று ஓடி வருகிறீர்கள். "தொனி கொஞ்சம் தூக்கல். உங்கள் நோக்கம் என்ன, தகவல் தருவதா, செயலுக்குத் தூண்டுவதா?" என்பார். அடுப்பு அணைந்ததா? அது அவர் துறை இல்லை.

இந்த வகையில் நான் பக்கத்தில் இருந்து பார்த்த உருப்படி எங்கள் ராமானுஜம் சார். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சாலைக்கு மேற்கில் இருக்கும் எங்கள் அலைவாய் நகரில் மூலை வீடு. ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும் வரை அவரும் நம்மைப் போல, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, பதில் தெரியாவிட்டால் கோபப்பட்டுக்கொண்டு ஆரோக்கியமாகத்தான் இருந்தார். பிறகு ஒரு வார இறுதியில், கடற்கரை விடுதி ஒன்றில் நடந்த ‘கட்டுரை எழுத்தும் வாதக் கலையும்’ பயிலரங்குக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்காகத்தான் போனார் என்பது அவர் மனைவி ஜெகதாம்பாளின் கட்சி. எதற்காகப் போனாரோ, வரும்போது ஒரு துணிப்பை, ஒரு சான்றிதழ், வாய் நிறையக் கலைச்சொற்கள் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். சான்றிதழுக்கு லாமினேஷன் போட்டு டி.வி.க்கு மேலே மாட்டினார். துணிப்பையில் ஜெகதாம்பாள் வெங்காயம் வாங்கப் போனார். கலைச்சொற்கள்தான் எங்கள் தலையில் விடிந்தன.

நிலைப்பாடு, சான்று, தொனி, கேட்போர், நோக்கம், முன்சாய்வு, உணர்ச்சி முறையீடு, நம்பகம், எதிர்வாதம், கட்டமைப்பு. இவ்வளவையும் கற்றுக்கொண்ட மனிதர் ஒரு கட்டுரையாவது எழுதியிருக்க வேண்டாமா? ஒரு வரி கிடையாது. எழுத நேரம் ஏது? ஊரில் இத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அத்தனைக்கும் பேர் வைத்து முடிக்க வேண்டாமா?

பேர் வைப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. நீங்கள் பேசி முடிப்பதற்குக் கொஞ்சம் முன்பாகவே அவருடைய வலது ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும். கண் மூடும். உங்களுக்கு அந்த மௌனத்தில், நாம் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறதே என்று சந்தேகம் வந்துவிடும். அப்புறம் கண்ணைத் திறந்து, "உங்க கருத்தோட எனக்குச் சண்டை இல்லே. உங்க வாதத்தோடதான்" என்பார். நீங்கள் வாதமே செய்திருக்கமாட்டீர்கள். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வழிகிறது என்றுதான் சொல்ல வந்திருப்பீர்கள்.

ஜெகதாம்பாள் முதலில் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலை, "பால் திரிஞ்சு போச்சு" என்றார்.

"இது முடிவு. சான்று எங்கே?"

ஜெகதாம்பாள் பாத்திரத்தோடு வந்து, அந்தப் பாலைத் தம்ளரில் ஊற்றி, சர்க்கரை போட்டு ஆற்றி அவர் கையில் கொடுத்தார். "இதுதான். குடிச்சுப் பாருங்கோ." குடித்தார். பால் விஷயத்தில் மட்டும் அதற்குப் பிறகு சான்று கேட்பதில்லை.

மற்ற விஷயங்களில் எந்தக் குறையும் இல்லை. நகர்வாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் தகப்பனார் காலமான செய்தியைப் போட்டு, ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு’ என்று எழுதியிருந்தார். எல்லோரும் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். ராமானுஜம் சார் ‘மீளாத் துயர் என்பது தேய்வழக்கு’ என்று போட்டார். மாமனார் மாமியார் சகிதம் வேடந்தாங்கலுக்குப் போன என் மைத்துனன் குடும்பத்தோடு அவரையும் ஒரு முறை வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தேன், என் தப்புதான். ஏரிக்கரையில் எல்லோரும் மரத்தில் இருந்த நாரையைப் பார்க்க, இவர் மட்டும் ‘அமைதி காக்கவும்’ என்ற போர்டைப் பார்த்தார். கட்டளைத் தொனி என்றார். கேட்போர் யார் என்று தெளிவில்லை என்றார். ஏன் அமைதி காக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமாவது சொல்லியிருக்க வேண்டாமா என்று உரக்கக் கேட்டார். ஒரு மரம் முழுக்க இருந்த பறவைகள் எழுந்து ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. காரணம் அதுதான் என்று பக்கத்தில் நின்ற காவலர் காட்டினார்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் குமாரிடம் மாட்டிக்கொண்டு அவர் விழித்ததும் உண்டு. "எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ் பண்ணி ஒக்காருங்க, எல்லாருக்கும் எடம் கீது" என்று குமார் சொன்னதற்கு, "எல்லாருக்கும் என்பது மிகைக்கூற்று" என்று இவர் பேர் வைத்தார். குமார் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சார் சொன்னீங்க இப்ப? திட்டுனீங்களா, புகழ்ந்தீங்களா? அத்த மட்டும் சொல்லிடுங்க. அதுக்கேத்த மாதிரி நான் பேசணும்."

"ரெண்டும் இல்லேப்பா. வகைப்படுத்தினேன்."

"அப்ப எறங்கிக்குங்க சார். எடம் இல்ல."

இது வரைக்கும் சிரிக்கலாம். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பால் திரிந்தால் வேறு பால் வாங்கலாம், பறவை பறந்தால் திரும்பி வரும். இப்படிப்பட்டவர் கையில் அடுத்தவர் பிழைப்பைக் கொடுக்கும் வரை அவர் ஊருக்கு ஒரு பொழுதுபோக்கு. நாங்கள் கொடுத்தோம்.

சொல்கிறேன். எங்கள் நகருக்கு எதிரே, சாலையின் நடுவே ஓடும் சென்டர் மீடியன் தடுப்பில் ஒரு திறப்பு, ஜனங்கள் பாஷையில் ‘கேப்’, இருந்தது. இருந்தது என்கிறேன், கவனியுங்கள். அந்தத் திறப்பின் இந்தப் பக்கம், புங்க மரத்தடியில் தார்ப்பாய் கட்டிய பூங்கொடியின் இட்லிக் கடை. அந்தப் பக்கம், மாமல்லபுரம் போகும் பஸ் நிற்கும் இடம். உள்கிராமங்களில் இருந்து சிற்பக் கூடங்களுக்கும் ஓட்டல்களுக்கும் வேலைக்குப் போகிற ஜனம் விடிந்ததும் குமாரின் ஆட்டோவில் வந்து இறங்கும். பூங்கொடி கடையில் நாஸ்தா முடிக்கும். வாயைத் துடைத்துக்கொண்டே திறப்பு வழியாகச் சாலையைத் தாண்டி பஸ் ஏறும். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைப் பூங்கொடி படிக்கவைப்பது அந்த இட்லியில்தான். பெரியவள் செங்கல்பட்டில் கல்லூரி, சின்னவள் பத்தாவது. திறப்பு இருந்தால் பஸ் அங்கே நிற்கும். பஸ் நின்றால் கடை நிற்கும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் பயிலரங்குக்கும் போக வேண்டாம்.

ஒரு நாள் சாலையில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டார்கள். திறப்புகளைக் குறைக்கப் போகிறார்களாம், விபத்தாம், எதை அடைப்பது எதை விடுவது என்று அதிகாரிகள் நேரில் வந்து ஜனங்களைக் கேட்டு முடிவு செய்வார்களாம், ஊருக்கு ஒருவர் பேசினால் போதுமாம். எங்களுக்கு அடுத்த திறப்பு வடக்கே பெரிய வளைவில் இருக்கிறது. இரண்டில் ஒன்று போகும் என்று குமார் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தான்.

யார் பேசுவது? நியாயமாகப் பார்த்தால் பூங்கொடி பேச வேண்டும். ஆனால் பூங்கொடி பேச ஆரம்பித்தால் எங்கே போய் இறங்குவாள் என்று அவளுக்கே தெரியாது. கேப்பில் தொடங்குவாள், கேஸ் சிலிண்டருக்குத் தாவுவாள், அங்கிருந்து நாத்தனார், நாத்தனார் அமுக்கிக்கொண்ட கம்மல், கம்மல் செய்த ஆசாரி, ஆசாரியின் ரெண்டாம் தாரம். இட்லி தின்கிறவனுக்கு அது தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். அதிகாரி தாங்குவாரா? குமார் தான் பேசுவதாக முன்வந்தான். அந்தத் திறப்பில் எதிர்ப்புறமாக வண்டி ஓட்டி இரண்டு முறை போலீசில் அகப்பட்டவன் அவன். வேண்டாம் என்று உட்காரவைத்தோம். நான் பேசலாமே என்றால், மைக்கைக் கண்டால் என் பேரே எனக்கு மறந்துவிடும்.

விரல் ஒன்று மேலே எழுந்தது.

"நான் பேசறேன்" என்றார் ராமானுஜம் சார். "இது பயிற்சி பெற்றவன் செய்ய வேண்டிய காரியம். பூங்கொடி பேசினா வெறும் உணர்ச்சி முறையீடாப் போயிடும்."

ஊரே தலையாட்டியது. இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த தலை, நிறுத்தி நிதானமாகப் பேசுகிற குரல், நடுநடுவே இங்கிலீஷ்; ஒரு அதிகாரிக்கு முன்னால் நிறுத்த இதைவிட என்ன வேண்டும்? பூங்கொடிக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு அவருக்கு வைத்த வடைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள்.

ஒத்திகை கடையிலேயே நடந்தது. இட்லி தின்கிறவர்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, அவர் தன் திட்டத்தை விளக்கினார். சாதாரண ஆள் என்ன செய்வான்? எனக்கு இது வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்பான். அது பாமரத்தனம். தேர்ந்த பேச்சாளன் முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துக்கொள்வான். எதிர்த்தரப்பே அசந்துபோகும்படி, அவர்களைவிட நன்றாக, அவர்களுடைய வாதத்தைத் தானே சொல்வான். அதில்தான் நம்பகம் பிறக்கிறது. ‘அடடா, இவன் எவ்வளவு நியாயமான மனுஷன்’ என்று கேட்போர் உருகி நிற்கும் நேரத்தில், ஒரே ஒரு சொல். ‘ஆனால்’. அந்த ‘ஆனால்’ விழுந்ததும் எதிர்த்தரப்பு மொத்தமும் சரியும்.

பூங்கொடி சட்டினி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ‘ஆனா’ எப்ப சார் வரும்?"

"வரும்மா. கட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"இல்ல சார், அத்த கொஞ்சம் முன்னாடியே சொல்லிகினு, அப்பால மத்ததெல்லாம் சொன்னா இன்னா?"

ராமானுஜம் சார் கண்ணை மூடிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில், பூங்கொடி தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த நாளும் வந்தது. சாலையோரம் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில், கரகரவென்று ஒரு மைக். கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலில் இன்னும் பல ஊர் பார்க்க வேண்டியவர், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு உதவியாளர், ஒவ்வொரு ஊராரும் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் பேசிய வளைவுக்காரர் முன்னாள் கவுன்சிலர். "எங்க கேப்ப மூடக்கூடாது. மூடினா எல்லாரும் வந்து ரோட்டுல குந்திடுவோம். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ராமானுஜம் சார் என் பக்கம் குனிந்து, "வெறும் நிலைப்பாடு. சான்றே இல்லே" என்று அனுதாபப்பட்டார்.

பிறகு எழுந்தார். மைக்கை விரலால் தட்டினார். என்னய்யா பேச்சு அது! இப்போது நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது, வயிறும் எரிகிறது. வண்டிகள் இந்தச் சாலையில் என்ன வேகத்தில் வருகின்றன என்று சொன்னார். திறப்பு இருக்கும் இடங்களில்தான் விபத்து அதிகம் என்று எங்கிருந்தோ திரட்டிய புள்ளிவிவரங்களை அடுக்கினார். ஆம்புலன்ஸ் ஒன்று இதே திறப்பில் திரும்பிய லாரிக்குப் பின்னால் தவித்து நின்றதை விவரித்தார். உணர்ச்சி முறையீடு கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், சாலையைத் தாண்டும்போது அடிபட்டுச் செத்த ஒரு கல் தச்சரைப் பற்றி, அவர் பாதி செதுக்கி வைத்துவிட்டுப் போன யானையைப் பற்றிச் சொல்லி, குரலைத் தழுதழுக்கவும் விட்டார். கூட்டத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள். உதவியாளரின் பேனா பறந்தது.

பூங்கொடி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "‘ஆனா’ சொல்லு சார், ‘ஆனா’ சொல்லு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"சற்றுச் சுற்றிப் போவதால் நமக்கு நேரம் போகும். நேரம் பெரிதா, உயிர் பெரிதா?" என்று கேட்டுவிட்டு, ராமானுஜம் சார் நிறுத்தினார். ‘ஆனால்’ விழுவதற்கு முன்னால் ஒரு மௌனம் வேண்டும் என்று பயிலரங்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கண் மூடியது.

கண்ணைத் திறப்பதற்குள் அதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் சார்! எங்க டிபார்ட்மெண்ட் ஆளுங்களே இதை இவ்வளவு கோர்வையாச் சொன்னதில்லை. எல்லா ஊர்லயும் மூடாதே மூடாதேன்னுதான் கத்தறாங்க. நீங்க ஒருத்தர்தான் பெரிய மனசோட பொது நன்மைக்காகப் பேசியிருக்கீங்க. என்ன ஒரு கட்டமைப்பு!"

இங்கேதான், வாசகரே, நீங்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். மைக் இன்னும் ராமானுஜம் சார் கையில்தான் இருந்தது. அந்த நொடியில் அவர் ‘ஆனால்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘ஆனால்’கூட வேண்டாம், ‘மூடாதீங்க சார்’ என்று சொன்னால் முடிந்தது. பூங்கொடியின் கடை தப்பியிருக்கும். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெகதாம்பாள் நாற்காலியில் இருந்து பாதி எழுந்தே விட்டார்.

ராமானுஜம் சார் முகம் மலர்ந்தது. "கட்டமைப்பைக் கவனிச்சீங்களா?" என்றார்.

"கவனிக்காம இருப்பேனா சார்? ஸ்கூல், காலேஜ்ல எல்லாம் நீங்க பேசணும்."

"அழைச்சா வரேன்" என்று சொல்லிவிட்டு, மைக்கைக் கொடுத்துவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

பூங்கொடிக்கு விஷயம் எட்டுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எட்டியதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். "சார், சார், மூடக்கூடாது சார். அவரு அத்த சொல்றதுக்குத்தான் சார் வந்தாரு. இன்னும் சொல்லல சார்."

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் குறித்தாயிற்று என்று தலையை ஆட்டினார். "ஊருக்கு ஒருத்தர்மா" என்றார் அதிகாரி, எரிச்சல் இல்லாமலேதான். "சார் உங்க ஊர்தானே?"

"எங்க ஊருதான் சார். ஆனா..."

"அப்புறம் என்னம்மா? அடுத்த ஊரைக் கூப்பிடுங்க."

அன்று அந்தப் பந்தலில் ‘ஆனா’ என்று சொன்னது பூங்கொடி ஒருத்திதான். ராமானுஜம் சார் என்னவோ, தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாங்கள் நடையாய் நடந்தோம். போன இடத்திலெல்லாம், ‘உங்க ஊர் சார்பா ஒருத்தர் வந்து, மூடுவதுதான் நியாயம்னு ஆதாரத்தோட பேசியிருக்காரே’ என்று எங்களுக்கே எடுத்துச் சொன்னார்கள். வளைவுக்காரர்களின் திறப்பு நின்றது. எங்களுடையது போயிற்று. சிமெண்ட் கட்டைகளை இறக்கி, கறுப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்து, மேலே கம்பி வேலியும் போட்டுவிட்டார்கள். பஸ் நிறுத்தம் வளைவுக்குப் போனது. குமாரின் ஆட்டோவும் ஜனத்தை ஏற்றிக்கொண்டு நேரே வளைவுக்கே போனது; அவனைக் குறை சொல்ல முடியாது. பூங்கொடி அன்னக்கூடையில் இட்லியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு நடந்து பார்த்தாள். அங்கே ஏற்கெனவே இரண்டு தள்ளுவண்டி. போ போ என்று விரட்டினார்கள்.

நான் பொறுக்காமல் ராமானுஜம் சார் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏன் சார், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"என் வாதத்துலே குறையே இல்லே" என்றார். "கேட்போர்தான் பயிற்சி இல்லாதவங்க. எதிர்வாதத்துக்கு அப்புறம் மறுப்பு வரும்னு அவங்க எதிர்பார்த்திருக்கணும்."

"பூங்கொடி கடை சார்?"

"அதை நீங்க இந்த விவாதத்துக்குள்ளே கொண்டு வர்றது திசைதிருப்பல்."

இருபது வருஷப் பழக்கத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அவரைச் சாலைப் பாதுகாப்பு விழா ஒன்றில் சிறப்புப் பேச்சாளராக அழைத்து, பொன்னாடை போர்த்தி, முழுப் பேச்சையும் மறுபடி பேசவைத்தார்கள். அங்கேயாவது ‘ஆனால்’ சொன்னாரா என்று கேட்காதீர்கள். தேவைப்படவில்லை. பொன்னாடையைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

போன வாரம் காலை, நான் அவர் வீட்டு வாசலில் அன்றைய பேப்பரை வாங்கிக்கொண்டு நின்றபோது பூங்கொடி வந்தாள். கடைக்காக ஜெகதாம்பாளிடம் இரவல் வாங்கியிருந்த பெரிய இட்லிப் பானையைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தாள். ஜெகதாம்பாள் வெளியே வந்து, "இது எதுக்கு இப்போ?" என்றார்.

இந்தப் பூங்கொடிதான் முன்பெல்லாம் கேஸ் சிலிண்டரில் தொடங்கி ஆசாரியின் ரெண்டாம் தாரத்தில் போய் முடிப்பாள் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பானையைப் படியில் வைத்தாள்.

"கட மூடிட்டேன்மா. பெரியவ காலேஜிக்குப் போவல. ஓட்டல்ல பாத்திரம் கழுவ ரெண்டு பேருமா போறோம்."

நான் பேப்பரை மடித்தேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெகதாம்பாள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். அப்போது சாய்வு நாற்காலியில் இருந்து அந்த விரல் எழுந்தது. கண்ணாடி நெற்றிக்குப் போயிற்று. கண் மூடித் திறந்தது. இதற்குக்கூடவா, என்று நான் நினைத்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"சுருக்கமா, தெளிவாச் சொன்னே பூங்கொடி. முன்னைக்கு நல்ல முன்னேற்றம்."

பூங்கொடி, "வரேன் சார்" என்றாள்.

ஜெகதாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பானையை ஒரு காதில் தான் பிடித்து, மறு காதைப் பூங்கொடியைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பேருமாக வளைவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டிக்காரர்களிடம் என்ன பேசப் போகிறார், பேசி என்ன ஆகப் போகிறது, எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராமானுஜம் சாருக்குக் காலையில் டிபன் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பசிக்கு என்ன பேர் வைத்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

இப்படியும் மனிதர்களா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. சந்தோஷம். போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பானையைப் படியில் வைத்துவிட்டுப் பூங்கொடி, ‘கட மூடிட்டேன்மா’ என்று சொன்னாள் அல்லவா, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? அந்தப் பெண் இனிமேல் படிக்கமாட்டாளே என்றா? அல்லது, பரவாயில்லை, கதை முடிவைக் கச்சிதமாகக் கொண்டுவந்திருக்கிறான் என்றா?

முதலாவது என்றால் வாருங்கள், வளைவு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவோம், அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்கள். இரண்டாவது என்றால், தயவுசெய்து அந்த விரலைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.